அலுமாரி மாதிரியா?

இங்கிலீஷில் எனக்கு இன்றுவரை ஆகாத சொல் ஒன்று உண்டு: டேர்ன் அவுட். படித்தவர்களைக் கேட்டால் அது ஒன்றல்ல, இரண்டு சொல் என்பார்கள். காதால் மட்டும் கற்றுக்கொண்ட எனக்கு அது ஒரே சொல்தான். அதற்குள் எத்தனை அர்த்தம் இருக்கிறது என்பதைத் திட்டு வாங்கி வாங்கித்தான் தெரிந்துகொண்டேன். அதில் ஓர் அர்த்தம் எங்கள் காம்பராவையே கொண்டுபோகப் பார்த்தது.

நோர்வூட்டுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் எங்களுடையது. கீழ் லயம் என்ற நீள வரிசை வீட்டில், ஓடைப் பக்கம் இருந்த கடைசிக் காம்பராவில், அதாவது ஒற்றை அறையில், நானும் அம்மாவும் இருந்தோம். எங்களுடையது என்று சொல்வதெல்லாம் வாய்ப் பழக்கம். தோட்டமும் துரைமாருடையது, காம்பராவும் துரைமாருடையது. தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் யார் பேர் இருக்கிறதோ அவர்கள் குடியிருக்கலாம். பேர் வெட்டுப்பட்டால் கிளம்ப வேண்டும். அப்பா காய்ச்சலில் போன பிறகு அம்மாவின் பேர் மட்டும்தான் இருந்தது. நான் பெரிய துரை பங்களாவில் குழந்தை பார்க்கும் ஆயா. என் சம்பளம் அவர் மனைவி துரைசாணியின் கையிலிருந்து வந்தது. தோட்டத்துக் கணக்கில் நான் ஆளே கிடையாது. அம்மா கொழுந்து எடுக்கும்வரைதான் எங்களுக்குக் கூரை. இதை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதே இல்லை.

நாடு சுதந்திரமாகிச் சில வருடம் ஆகியிருந்தது. அந்தச் சுதந்திரத்தில் எங்களுக்கு ஓட்டும் இல்லை, பாட்டன் காலத்தில் கடல் தாண்டி வந்த நாங்கள் இந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் விடியுமுன் தப்பு மேளம் அடித்ததும் எழும்பி, கம்பிலியைப் போர்த்திக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நிற்பதற்கு மட்டும் நாங்கள்தான் வேண்டியிருந்தது.

பெரிய துரைக்குத் தமிழ் தெரியும். ஆனால் அவருடைய தமிழில் வா, போ, எடு, வை, வெட்டு என்பதைத் தாண்டி ஒன்றும் கிடையாது. நலமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. துரைசாணிக்கு அதுவும் தெரியாது. ஆகவே அவருடைய பாஷையை நான்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆனது.

டேர்ன் அவுட் என்றால் விளக்கை அணைப்பது. முதலில் படித்தது அதுதான். பங்களாவில் மின்சார விளக்கு இருந்தது. குழந்தை தூங்கியதும் துரைசாணி கதவருகே நின்று, டேர்ன் அவுட் த லைட் என்பார், நான் சுவிட்சைத் தட்டுவேன். சுலபமான சொல் என்று நினைத்தேன்.

ஒருநாள் விருந்து. துரைசாணி குசினிக்குள் எட்டிப் பார்த்து, புட்டிங்கை டேர்ன் அவுட் பண்ணு என்று எனக்குக் கட்டளை போட்டுவிட்டுப் போனார். சமையல்கார அப்பு வெளியே கோழி உரித்துக்கொண்டிருந்தார். நான் புட்டிங்கைப் பார்த்தேன். அது கிண்ணத்துக்குள் ஆறி அடங்கி இருந்தது. அதில் எதை அணைப்பது? பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது அடுப்பு. புட்டிங் முடிந்தது, அடுப்பை அணை என்று சொல்கிறார் போல என்று ஒரு செம்பு தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டேன். உள்ளே வந்த அப்பு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடி பாவி! புட்டிங்க கவுத்து தட்டுல தட்டச் சொன்னாங்க புள்ள. அடுப்ப அணைச்சிட்டியே, நா இனி ரோஸ்ட்ட ஒன் தலையிலயா வைக்கிறது?"

அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், கவிழ்த்துத் தட்டுவதும் டேர்ன் அவுட். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. டேர்ன் அவுட் த அலுமாரி என்றால் அலுமாரியில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, உதறி, தட்டுகளைத் துடைத்து, பூச்சி உருண்டை போட்டு, திரும்ப அதே இடத்தில் அடுக்குவது. மழைக்காலம் முடிந்ததும் அந்த வேலை வரும். எனக்குப் பிடித்த வேலை அது. வெளியே எடுத்த துணி எதுவும் வெளியே நின்றுவிடாது, சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடும்.

குழந்தை நன்றாக டேர்ன் அவுட் ஆக வேண்டும் என்று துரைசாணி கும்பிடாத குறையாகச் சொல்வார். அது வளர்ந்து நல்ல ஆளாவது. துரை காலையில் பெரட்டு முடிந்து வந்து, முட்டையை உடைத்துக்கொண்டே, குட் டேர்ன் அவுட் என்பார். அது இன்றைக்கு வேலைக்கு ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள் என்பது. பனியில் நடுங்கிக்கொண்டு நின்ற என் அம்மாவும் அந்த டேர்ன் அவுட்டில் ஒருத்தி. அதை நினைத்துக்கொண்டே அவருக்கு டோஸ்ட் கொண்டுபோய் வைப்பேன்.

வெள்ளிக் கரண்டி ஒன்று காணாமல் போன அன்று இன்னோர் அர்த்தம் தெரிந்தது. துரைசாணி எங்களை வரிசையாக நிற்கவைத்து, டேர்ன் அவுட் யுவர் பாக்கெட்ஸ் என்றார். சேலை கட்டினவளுக்கு ஏது பாக்கெட்? அப்பு தன் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். நான் மடியை அவிழ்த்து உதறிக் காட்டினேன். ஒரு துண்டு வெற்றிலை விழுந்தது. கரண்டி பிறகு பூப்பாத்தியில் கிடைத்தது, குழந்தை கொண்டுபோய் மண் தோண்டியிருக்கிறான். கரண்டியைக் கழுவி வைக்கச் சொன்னார்கள். எங்களிடம் வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அன்று முழுக்கக் குழந்தையோடுகூட நான் பேசவில்லை.

மிச்சமிருந்த அர்த்தத்தைச் சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் நின்று கேட்டேன். மேல் லயத்தில் ஒருவர் கங்காணியை நோக்கிக் கை ஓங்கிவிட்டார் என்று அவர் பேரை வெட்டினார்கள். அவர் வேலை தேடி அக்கரப்பத்தனைப் பக்கம் போயிருந்த சமயம் பார்த்து, அவர் பெண்சாதியையும் பிள்ளைகளையும் காம்பராவிலிருந்து இறக்கிவிட்டார்கள். சட்டி, பானை, சாக்கு, சாமி படம் எல்லாம் மழையில் ரோட்டோரம் கிடந்தன. அந்தப் பொம்பளை படத்தின்மேல் மட்டும் தன் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பங்களாவுக்கு வரும் வழியில் பார்த்தேன். மத்தியானம் துரை சொன்னார், அவர்களை டேர்ன் அவுட் பண்ண வேண்டியதாகிவிட்டது என்று. துரைசாணி, ஓ டியர் என்று சொல்லிவிட்டு, கடுகுக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.  விளக்குக்கும் புட்டிங்குக்கும் சொன்ன அதே சொல், அதே குரல்.

அதற்கு அடுத்த மழைக்கு அம்மா மலையில் வழுக்கி விழுந்தாள். கூடையோடு உருண்டதில் வலது கை மணிக்கட்டு முறிந்தது. டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டு, ஆறும்வரை வேலைக்கு வராதே என்றார்கள். எவ்வளவு காலம் வராமல் இருந்தால் பேரை வெட்டுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா ஒற்றைக் கையால் சோறு ஆக்கினாள், ஒற்றைக் கையால் வாசல் கூட்டினாள். கங்காணி அந்தப் பக்கம் வந்தால் கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. ஒரு நாள் காலையில் நான் பங்களா வராந்தாவின் ஒரு மூலையில் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். துரை படியில் நின்றுகொண்டு, கீழே நின்ற, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் அன்றைய வேலைகளைச் சொன்னார். கண்டாக்கையா அப்போதுதான் வேறு தோட்டத்திலிருந்து வந்திருந்தார். கவ்வாத்து, உரம் என்று என்னென்னவோ சொல்லிவிட்டு, காரில் ஏறப்போகும்போது துரை திரும்பிச் சொன்னார்: "பொட்டம் லைன்ஸ். டேர்ன் தெம் அவுட், சாட்டர்டே."

பொட்டம் லைன்ஸ் என்றால் கீழ் லயம், நாங்கள் இருந்த லயம். என் கையிலிருந்த கரண்டி குழந்தையின் வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது.

கண்டாக்கையா, யெஸ் சார் என்றார். அவருக்குப் புரிந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். புரியவில்லை. ஆனால் துரையிடம் என்ன அர்த்தம் என்று கேட்டால் தன் இங்கிலீஷின் மானம் போய்விடும் என்ற பயம் அதில் நன்றாகவே தெரிந்தது. அவர் கங்காணியிடம் என்ன சொன்னாரோ, கங்காணி லயத்தில் வந்து சொன்னது இதுதான்: "சனிக்கிழம கீழ் லயத்த வெளியேத்தணுமாம். தொர ஓடர்."

நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது லயமே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது. எதற்கு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆட்குறைப்பு என்றார் ஒருவர். பிரஜாவுரிமை இல்லாதவர்களை ஏற்றி அனுப்பப்போகிறார்கள் என்றார் இன்னொருவர். அம்மா மட்டும் தன் கையால்தான் எல்லோருக்கும் இந்தக் கதி என்பது போல மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அந்தச் சொல்லுக்கு நெறைய அர்த்தம் இருக்கு" என்றேன். "பெரட்டுக்கு ஆள் கூப்புடுறதும் அதுதான். அலுமாரியத் தொடைக்கிறதும் அதுதான்."

"மேல் லயத்துக்காரிய ரோட்டுல போட்டது?"

"அதுவும்தான்."

"அப்பறம் என்னாடி" என்றாள் அம்மா.

மறுநாள் குசினியில் அப்புவிடம் சொன்னேன், துரைசாணியிடம் கேட்கப்போகிறேன் என்று. அப்பு பயந்துவிட்டார். "தொர பேசுறத ஒட்டுக் கேட்டேன்னு நீயே போயி சொல்லப் போறியா? ஒன்னையும் சேத்து அனுப்பிருவாங்க புள்ள." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அர்த்தம் தெரியாமல் சனிக்கிழமைவரை மூச்சுவிட எனக்கு முடியாது. காம்பரா போனால் அம்மா அந்தக் கையோடு எந்த ரோட்டில் உட்காருவாள்?

துரைசாணி ஜன்னலோரம் பூச்சாடியில் பூக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். எனக்கு வரிசையாக இங்கிலீஷ் பேச வராது. இருந்த சொற்களை எடுத்து அடுக்கினேன். "லேடி, மாஸ்டர் டேர்ன் அவுட் பொட்டம் லைன்ஸ். லைக் அலுமாரி? லைக் தட் வுமன்?"

அலுமாரி மாதிரியா, அந்தப் பொம்பளை மாதிரியா? அதைவிட நேராக எந்தப் பாஷையிலும் என்னால் கேட்டிருக்க முடியாது.

துரைசாணியின் முகம் கொஞ்சம் சிவந்தது. பிறகு சிரித்துவிட்டார். லைக் த அலுமாரி, சில்லி கேர்ள் என்றார். லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போகிறார்களாம், மூட்டைப்பூச்சி மருந்தும் தெளிப்பார்களாம், சாமான்களை ஒரு நாளைக்கு வெளியே எடுத்து வைக்க வேண்டுமாம். அவ்வளவுதான்.

நான் குழந்தையை அப்புவின் கையில் திணித்துவிட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினேன். வழியெல்லாம் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. லயத்துக்குள் நுழையும்போதே கத்தினேன்: "அலுமாரிதான்! அலுமாரிதான்!" யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒருத்தி என் தலையில் தண்ணீர் தெளிக்க வந்தாள். மூச்சு வாங்கி விளக்கிச் சொன்ன பிறகுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அம்மா அதற்குள் ஒரு மூட்டை கட்டி முடித்திருந்தாள். ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டிருக்கிறாள். அப்பாவின் கம்பிலி, இரண்டு சேலை, ஒரு பித்தளைச் செம்பு, சாமி படம், எல்லாம் ஒரு பழைய வேட்டிக்குள்.

சனிக்கிழமை எல்லாச் சாமானும் வெளியே வந்தது. வெயில்கூட அடித்தது. பிள்ளைகள் பானைகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடின. ஆனால் ரோட்டிலிருந்து பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. மேல் லயத்துக்காரியின் சாமான் கிடந்த அதே மாதிரிதான் எங்கள் சாமானும் கிடந்தது. பார்க்கிறவனுக்கு எந்த டேர்ன் அவுட் என்று தெரியாது. கங்காணி மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "நா சரியாத்தானே சொன்னேன். வெளியேத்தணும்னேன், எல்லாம் வெளியதானே இருக்கு" என்று பெருமை பேசினார்.

சாயங்காலம் சுண்ணாம்பு வாசத்துக்குள் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினோம். மூட்டையை அவிழ்க்கப் போனேன். அம்மா தடுத்தாள். சாமி படத்தை மட்டும் ஓரமாக உருவி எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, மூட்டையை அடுப்புக்கு மேலே விறகு வைக்கும் பலகையில் தூக்கி வைக்கச் சொன்னாள்.

"அவுக்க வேணாமா?"

"இந்தத் தடவ அலுமாரி" என்றாள். "இருக்கட்டும்."

துரைசாணிக்கு என் கேள்வி நல்ல கதையாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணிகள் தேநீருக்கு வந்தபோதெல்லாம் என்னைப் போலவே பேசிக் காட்டினார். நான் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருமுறை வந்தவர்களில் ஒருவர் மட்டும் கேட்டார், ரோட்டில் இறக்கிவிடப்பட்ட அந்தப் பெண்ணின் கதை கடைசியில் எப்படி டேர்ன் அவுட் ஆனது என்று. துரைசாணி கொஞ்சம் யோசித்தார். எனக்குத் தெரியாதே என்றார். பிறகு கேக் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தத் தட்டை அப்படியே கீழே போட்டுவிட்டுப் போயிருப்பேன். அம்மாவின் கை ஆறியிருக்கவில்லை, அதனால் நின்றேன்.

கை ஆறியது, ஆனால் கோணலாக ஆறியது. அம்மா மறுபடி மலைக்குப் போனாள். முன்போல வேகம் வரவில்லை. கொழுந்து குறைந்த நாட்களில் அரைப் பேர்தான் போட்டார்கள், அதாவது பாதி நாள் வேலை செய்த கணக்கு. அரைப் பேராக இருந்தாலும் பேர் இருந்தது, கூரையும் இருந்தது. அப்படியே வருடங்கள் போயின. எனக்கு வந்த ஒன்றிரண்டு மாப்பிள்ளைகள் வேறு தோட்டத்துக்காரர்கள். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நான் போகவில்லை.

அறுபதுகள் பிறந்த பிறகு தோட்டம் கை மாறியது. துரையும் துரைசாணியும் சீமைக்குப் புறப்பட்டார்கள். கடைசியாக ஒருமுறை துரைசாணி அலுமாரியை டேர்ன் அவுட் பண்ணச் சொன்னார். இந்தமுறை துணி எதுவும் திரும்ப அலுமாரிக்குள் போகவில்லை, பெட்டிக்குள் போனது. துரைசாணி கட்டிலில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருடத்துக்குப் பிறகு தங்களை டேர்ன் அவுட் பண்ணுகிறார்கள் என்றார். லைக் அலுமாரி, லைக் தட் வுமன் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. அழுகிறவரிடம் கேட்க மனம் வரவில்லை. அவருக்குப் போக ஒரு வீடு இருந்தது, ஏற்றிப் போகக் கப்பல் இருந்தது. இருந்தாலும் அவர் அழுதது பொய்யில்லை. சட்டைகளை மடித்துக் கொடுத்தேன்.

புதுத் துரை வெள்ளைக்காரர் அல்ல, இந்த நாட்டுக்காரர். தன் வேலையாட்களைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்தார். பங்களாவில் எனக்கு வேலை இல்லாமல் போனது. கொழுந்துக்குப் பேர் பதியச் சொல்லி ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். புதுப் பேர் எடுப்பதில்லை என்றார்கள். பிரஜாவுரிமை இருக்கிறதா என்றார்கள். இந்த நாடும் எங்கள் பாட்டன்மார் வந்த நாடும் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. எனவே அம்மாவின் அரைப் பேரிலேயே இரண்டு பேரும் இருந்தோம்.

அடுத்த மழையில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டிஸ்பென்சரி மருந்து கேட்கவில்லை. அந்தக் காம்பராவில், அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே போனாள். லயத்து ஆட்கள் கூடினார்கள். எப்ப எடுக்கிறாங்க என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். மத்தியானம் எடுத்தார்கள். அம்மாவை அந்தக் காம்பராவிலிருந்து எந்தத் துரையும் வெளியேற்றவில்லை, எங்கள் ஆட்கள்தான் தோளில் தூக்கிப் போனார்கள். அது எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் கண்டாக்கையா வந்தார். அதே கண்டாக்கையாதான், தலை நரைத்திருந்தது. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், நல்ல தமிழில் சொன்னார்.

"அம்மா பேர் போயிருச்சி. காம்பராவ காலி பண்ணிக் குடுத்துரு புள்ள."

அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. சுவரிலிருந்த சாமி படத்தைக் கழற்றினேன். மூட்டை அடுப்புக்கு மேலே, புகை படிந்து கறுத்து, அம்மா பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சோடு அப்படியே இருந்தது. நான் எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.